சல்லியும் பத்திரமும் பத்திரம்!

(வெளிநாட்டில் வேலை செய்து திரும்பிய கல்முனைப் பகுதிக் குடும்பங்களின் சார்பில், அங்கு வந்திருந்த தோட்டக் குடும்பங்களிடம் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்.)



மலையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து களைத்திருப்பீர்கள். ஆகவே நீட்டி முழக்காமல், கைக்கு உதவும் விஷயங்களை மட்டும் சொல்லுகிறோம்.

நீங்கள் மலையில் இருக்கிறீர்கள், நாங்கள் கடலோரத்தில் இருக்கிறோம். ஆனால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இரண்டு கூட்டமும் ஒரே வரிசையில்தான் நிற்கிறது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எந்த ஊரை எடுத்தாலும் சவூதி, குவைத், கட்டார், துபாய் போய் வந்தவர்கள் இல்லாத தெரு கிடையாது. உங்கள் லயங்களிலும் இன்று அதே நிலைமைதான்.

போகிறவர்களுக்குப் பல பேர் பல புத்தி சொல்லுவார்கள். பயிற்சி வகுப்பில் துணி துவைக்கும் மெஷினைப் பற்றிச் சொல்லித் தருவார்கள், நாலு அரபுச் சொல்லும் பழக்குவார்கள். சனக்கூட்டத்தில் பஸ் ஏறும்போது சல்லியை எப்படிக் காப்பாற்றுவது என்பது பெரும்பாலும் பேச்சிலேயே வருவதில்லை.

"வீட்டு வேலைக்குத்தானே போறா, அவளுக்கு என்னத்துக்கு பஸ்?" என்று கேட்பீர்கள். ஊருக்குச் சல்லி அனுப்பப் போக வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டும். லீவு கிடைத்தால் கூட்டாளியைப் பார்க்கப் போவாள். ஒரு நாளைக்குத் தூதரகத்துக்கும் போகவேண்டி வரலாம். கட்டட வேலை, துப்புரவு வேலை, கடை வேலை செய்யும் பையன்களுக்கோ பஸ்ஸும் ரயிலும் அன்றாடப் பாடு. சம்பளம் எடுத்த மறுநாள் அந்தப் பையில் இருப்பது வெறும் காசு இல்லை. ஊரில் அடகு வைத்த தோட்டை மீட்கும் காசு அது, பிள்ளையின் ரியூஷன் காசு, வட்டிக்காரனுக்குக் கட்டவேண்டிய காசு.

முடிச்சவிழ்க்கி எப்படி வேலை செய்கிறான்?

பிக்பொக்கட்காரனுக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு: முடிச்சவிழ்க்கி. அந்தக் காலத்தில் காசை முந்தானையில் அல்லது வேட்டித் தலைப்பில் முடிந்து வைத்தார்கள். அந்த முடிச்சை ஆளுக்குத் தெரியாமல் அவிழ்க்கிறவன் முடிச்சவிழ்க்கி. முடிச்சு போய் பேர்ஸ் வந்தது, பேர்ஸோடு போனும் வந்தது. வித்தை மட்டும் மாறவில்லை.

இவன் பலத்தால் பறிக்கிறவன் அல்ல. உங்கள் கவனத்தை ஒரு நொடி வேறு பக்கம் திருப்புவதுதான் அவனுடைய தொழில். பெரும்பாலும் தனியாக வரமாட்டான், மூன்று நான்கு பேராக வருவார்கள். ஒருவன் பஸ் வாசலில் உங்களுக்கு முன்னால் ஏறி, திடீரென்று நின்றுவிடுவான், அல்லது சில்லறையைக் கீழே போட்டுப் பொறுக்குவான். பின்னால் நிற்பவன் "போங்க, போங்க" என்று நெருக்குவான். அந்த நெருக்கத்தில் மூன்றாமவன் கை வைப்பான். எடுத்த பொருள் அவன் கையில் ஒரு நிமிடம்கூட இருக்காது. நான்காமவனிடம் போய்விடும், அவன் அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவான். நீங்கள் மூன்றாமவனைப் பிடித்துச் சோதித்தாலும் ஒன்றும் கிடைக்காது. "என்னையா கள்ளன் என்கிறாய்?" என்று அவன் திருப்பிச் சண்டைக்கு வருவான்.

இன்னும் சில வழிகள் இருக்கின்றன. கையில் கோட்டையோ பத்திரிகையையோ மடித்துப் போட்டு, அதன் கீழே கையை விடுவார்கள். உங்கள் தோளில் எதையோ கொட்டிவிட்டு, "ஐயோ, அழுக்காகிவிட்டதே" என்று துடைக்க வருவார்கள். தொங்கும் பையின் அடியைப் பிளேட்டால் கீறிவிடுவார்கள். ரயில் கதவு மூடப்போகும் நொடியில் போனைப் பறித்துக்கொண்டு வெளியே பாய்வார்கள். நீங்கள் உள்ளே, அவன் வெளியே!

ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். "பிக்பொக்கட்காரர் கவனம்" என்று ஒரு போர்ட் தொங்கும். அதைப் பார்த்தவுடன் நாம் என்ன செய்வோம்? காசு இருக்கிறதா என்று பொக்கட்டைத் தட்டிப் பார்ப்போம். பக்கத்தில் நிற்பவனுக்கு அது போதும். எந்தப் பொக்கட் என்று தேடும் வேலை மிச்சம்.

எந்த இடத்தில் கவனம் வேண்டும்?

ஓடுகிற பஸ்ஸைவிட ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் மோசமானவை. சம்பள நாளில் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பஸ்ஸுக்கு இடித்து ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வளைகுடா நாடுகளில் சட்டம் கடுமையானது, பஸ்ஸிலும் ரயிலிலும் கமரா இருக்கிறது. துபாயில் 2009-லும், டோஹாவில் 2019-லும், ரியாத்தில் 2024-லும் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. துபாய் மெட்ரோவில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனிப் பெட்டிப் பகுதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ஆனாலும் சனம் குவிகிற இடத்தில் கள்ளனும் இருப்பான். வெள்ளிக்கிழமைகளில் ரியாத்தின் பத்ஹாவில், ஜித்தாவின் பலதில், துபாயின் தேராவில் நம் நாட்டவர், இந்தியர், வங்காளதேசத்தவர் என்று ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். எல்லார் பையிலும் ஊருக்கு அனுப்பும் காசு இருக்கும் என்பது கள்ளனுக்கும் தெரியும்.

அங்கே பஸ்ஸைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. மலிவாக ஏற்றிக்கொண்டு போகும் லைசன்ஸ் இல்லாத கார்! உள்ளே ஏற்கனவே இரண்டு பேர் பயணிகள்போல இருப்பார்கள். இடையில் காசைப் பறித்துவிட்டு இறக்கிவிட்ட கதைகள் எங்கள் ஊர்களில் நிறைய உண்டு. "நான் பொலிஸ், பேர்ஸைக் காட்டு" என்று சாதாரண உடுப்பில் வருகிறவனிடமும் கவனம் வேண்டும். அவனுடைய அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் அடையாள அட்டையை மட்டும் காட்டுங்கள். பேர்ஸைக் கையில் கொடுக்காதீர்கள். சந்தேகம் என்றால் ஆட்கள் உள்ள கடை வாசலுக்கு நகருங்கள்.

இப்போது நம் பிள்ளைகள் இத்தாலி, பிரான்ஸ் பக்கமும் போகிறார்கள். ரோம் நகரில் தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் இலக்க பஸ் பிக்பொக்கட்டுக்கு உலகப் பெயர் பெற்றது. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குப் பக்கத்திலேயே கார் து நோர் என்ற பெரிய ரயில் நிலையம் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து அங்கு வரும் ரயிலில் பெட்டியும் படுக்கையுமாக வருகிற புது ஆளைத்தான் கள்ளர் முதலில் பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்

நாங்கள் இன்று சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். கையில் கொஞ்சம் வேறு, காசு வேறு, பத்திரம் வேறு.

இதை எங்களுக்குப் படிப்பித்தது யுத்த காலம். அந்த வருடங்களில் கல்முனையிலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறினால் வழியெல்லாம் சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கி, வரிசையில் நடக்கவிட்டு, அடையாள அட்டையைப் பார்த்து, அந்தப் பக்கத்தில் திரும்ப ஏற்றுவார்கள். அட்டையைக் காசோடு பேர்ஸுக்குள் வைத்தவர், ஒவ்வொரு தடவையும் முழு பஸ்ஸுக்கும் தன் காசைக் காட்டினார். விபரம் தெரிந்தவர்கள் அட்டையைச் சேர்ட் பொக்கட்டில் வைத்தார்கள், காசை மடியில் வைத்தார்கள். அட்டையை எடுக்கும்போது காசு வெளியே வராது.

எங்கள் மூத்தவர்கள் சாரனுக்கு மேலே அகலமான பெல்ட் கட்டுவார்கள். அதில் மூடி போட்ட சின்னப் பை இருக்கும். ஹஜ்ஜுக்குப் போகும் ஆண்கள் உடுப்பது தைக்காத இரண்டு துண்டுத் துணி, அதில் பொக்கட் இல்லை. மக்காவில் இலட்சக்கணக்கான சனத்துக்குள் நடக்கும்போது காசையும் பத்திரத்தையும் பெல்ட்டில்தான் வைப்பார்கள். உங்கள் பாட்டிமாரும் சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டுதானே மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனார்கள்? அதுவே நல்ல பழக்கம். உடுப்புக்கு உள்ளே, உடம்போடு ஒட்டி, நாலு பேர் பார்க்க எடுக்கவேண்டிய தேவை இல்லாத இடத்தில் இருக்கவேண்டும்.

ஆகவே இப்படிப் பிரியுங்கள். பஸ் காசும் தேத்தண்ணிக் காசும் வெளிப் பொக்கட்டில் இருக்கட்டும். போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய அளவு மட்டும். துபாயில் பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் நோல் அட்டை இருக்கிறது, அதில் காசு போட்டுவைத்தால் பேர்ஸைத் திறக்கவே தேவையில்லை. பெரிய காசு உள்ளே கட்டிய பையில். முடிந்தால் சம்பளம் எடுத்த நாளே அனுப்பிவிடுங்கள், அனுப்பும் இடத்துக்கு ஒரு கூட்டாளியோடு போங்கள். வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தை அட்டையின் உறையில் எழுதி வைப்பது, பூட்டிலேயே திறப்பைத் தொங்கவிடுவது போலத்தான். பேர்ஸைப் பின் பொக்கட்டில் வைக்கவேண்டாம். பையைத் தோளில் பின்னுக்குத் தொங்கவிடாமல் நெஞ்சுக்கு முன்னால் அணைத்துப் பிடியுங்கள். ஆசனம் கிடைத்தால் மடியில் வையுங்கள். வாசலோரம் நின்று போன் பேச வேண்டாம்.

காகிதத்தின் பெறுமதி

காசு போனால் உழைக்கலாம். பாஸ்போட்டோ, அந்த நாட்டு அடையாள அட்டையோ போனால்? அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் யார் என்று நீங்களே நிரூபிக்கவேண்டும்.

காகிதம் இல்லாத வாழ்க்கையைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர எங்களுக்குத் தகுதி இல்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தம், 1988 சட்டம் எல்லாம் கடந்து, 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்தக் கதை ஒரு முடிவுக்கு வந்தது. கையில் ஒரு துண்டு இல்லாமல் ஒரு சமூகம் அரை நூற்றாண்டுக்கு மேல் பட்ட பாட்டை நீங்கள் அனுபவித்தவர்கள்.

நாங்கள் அதை வேறு விதமாகக் கண்டோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் எங்கள் ஊர்களுக்குள் ஏறியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தப்பியவர்கள் பலரிடம் உடுத்த துணியைத் தவிர ஒன்றும் இல்லை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், காணி உறுதி எல்லாம் தண்ணீரோடு போயின. ஒரு பிரதி வேறு ஊரில் உறவினர் வீட்டில் இருந்தவர்களுக்கு அலைச்சல் குறைந்தது. அன்று முதல் நாங்கள் ஒன்றைப் பழகிக்கொண்டோம்: எந்தப் பத்திரமானாலும் பிரதி வேறு இடத்தில் இருக்கவேண்டும்.

நீங்களும் செய்யுங்கள். போகுமுன் பாஸ்போட், விசா, வேலை ஒப்பந்தம், தேசிய அடையாள அட்டை எல்லாவற்றையும் மூன்று போட்டோக் கொப்பி எடுங்கள். ஒன்று பெட்டிக்குள், ஒன்று வீட்டில், ஒன்று நம்பிக்கையான உறவினரிடம். போனில் படம் எடுத்து வீட்டாருக்கும் அனுப்புங்கள், போனே களவு போகலாம். முக்கியமான நாலு டெலிபோன் இலக்கங்களைத் துண்டில் எழுதி உள்பையில் வையுங்கள். ஒன்றையாவது மனப்பாடம் செய்யுங்கள். இப்போது எல்லா இலக்கமும் போனுக்குள் கிடக்கிறது, போன் போனால் பெற்ற தாயின் இலக்கமே தெரியாமல் நிற்கிறோம்.

களவு போனபின் முதல் ஒரு மணித்தியாலம்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் போகக்கூடும். அப்போது என்ன செய்வது?

முதலில் சத்தம் போடுங்கள். அரபு நாடுகளில் "ஹராமி!" என்றால் கள்ளன் என்று எல்லோருக்கும் விளங்கும். "ஷுர்தா" என்றால் பொலிஸ். சாரதியிடம் சொல்லுங்கள். கள்ளனைத் துரத்திக்கொண்டு சந்துபொந்துக்குள் ஓடவேண்டாம். சுற்றிலும் தேடுங்கள். காசை எடுத்துக்கொண்டு பேர்ஸை ஆசனத்துக்குக் கீழே அல்லது குப்பைத் தொட்டியில் எறிந்துவிடுவது கள்ளரின் வழக்கம். பத்திரம் அதற்குள் கிடக்கலாம்.

இரண்டாவது, வங்கி அட்டையையும் சிம்மையும் நிறுத்தச் சொல்லுங்கள். மூன்றாவது, பொலிஸில் முறைப்பாடு எழுதி அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். சவூதி, கட்டார், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளில் பொலிஸ் இலக்கம் 999. ரியாத், மக்கா முதலிய சில சவூதிப் பகுதிகளில் 911. குவைத்தில் 112. அந்தப் பிரதி இல்லாமல் புதிய பாஸ்போட்டுக்கு விண்ணப்பிப்பது கஷ்டம். பிறகு இலங்கைத் தூதரகத்துக்கு அறிவியுங்கள்.

நான்காவதாகச் சொல்வது மிக முக்கியம். வேலை செய்யும் வீட்டுக்கு அல்லது கம்பனிக்கு உடனே சொல்லுங்கள். காசு போன வெட்கத்திலும் பயத்திலும் சில பிள்ளைகள் திரும்பிப் போகாமல் தெரிந்தவர் அறையில் தங்கிவிடுவார்கள். "இரண்டு நாள் கழித்துப் போவோம்" என்று நினைப்பார்கள். அதற்குள் எசமானர் "ஓடிப்போய்விட்டாள்" என்று முறைப்பாடு எழுதிவிட்டால் கதை வேறு. சவூதியில் இதற்கு ஹுரூப் என்று பெயர். அதன்பின் விசா போய், தடுப்பு முகாம் வரைக்கும் போகலாம். கள்ளன் எடுத்தது ஒரு மாதச் சம்பளம். வெட்கம் எடுத்துக்கொள்வது இரண்டு வருட உழைப்பு.

திரும்பி வரும் வழி

வெளிநாட்டில் இரண்டு வருடம் கவனமாக இருந்தவர், நம் நாட்டு மண்ணை மிதித்ததும் "அப்பாடா" என்று கையைத் தளர்த்திவிடுவார். களவுக்கு அந்த நேரமே வாய்ப்பு. கட்டுநாயக்காவிலிருந்து 187 பஸ்ஸில் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டையில் இறங்கி, ஊர் பஸ் தேடும்வரை உள்ள நேரம் பெரிய ஆபத்து. பெட்டியில் விமான நிறுவனத்தின் துண்டு தொங்கும்போது, "நான் சல்லியோடு வருகிறேன்" என்று போர்ட் போட்ட மாதிரித்தான். விமான நிலையத்துக்குள்ளேயே அதைக் கிழித்துவிடுங்கள்.

பஸ்ஸிலோ ரயிலிலோ பக்கத்தில் இருப்பவர் அன்பாகப் பேசி பிஸ்கட்டோ குளிர்பானமோ தந்து, மயக்கி, நகை காசைக் கொண்டுபோன செய்திகள் நம் நாட்டில் பலமுறை வந்திருக்கின்றன. "வேணாம் அண்ணே, வயிறு சரியில்ல" என்று சொல்லிவிடுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. முடிந்தால் வீட்டில் இருந்து ஒருவர் விமான நிலையத்துக்கே போய் அழைத்து வாருங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கடைசியாகப் பெற்றோருக்கும் கணவன்மாருக்கும் சொல்லவேண்டிய ஒன்று. மகள் டெலிபோன் எடுத்து, "அம்மா, பஸ்ஸில சம்பளத்தக் களவெடுத்துட்டாங்க" என்று அழுதால், உங்கள் வாயிலிருந்து முதலில் வரும் சொல் என்ன? "யாருக்குக் குடுத்தே? உண்மையைச் சொல்லு!" என்பதா? எங்கள் ஊர்களில் இந்தக் கேள்வியால் உடைந்த குடும்பங்கள் உண்டு. அப்படி ஒருமுறை ஏச்சு வாங்கியவள், அடுத்த தடவை சொல்லமாட்டாள். வட்டிக்கு வாங்கி அனுப்புவாள், அல்லது வேலை வீட்டை விட்டு வெளியேறி வேறு வழி தேடுவாள். முன்னர் சொன்ன ஹுரூப் வரைக்கும் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சிலவேளை வீட்டாரின் இந்தப் பயம்தான்.

ஆகவே முதலில் கேட்கவேண்டியது: "உனக்கு ஒண்ணும் ஆகலியே? பாஸ்போட் இருக்கா?" இரண்டே கேள்விகள். காசைப் பற்றிப் பிறகு பேசலாம். உங்களுக்கு என்ன செய்வதென்று தெரியாவிட்டால் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

மற்றப் பக்கமும் உண்டு. போன் களவு போனால், அதே போனிலிருந்து "அம்மா, அவசரம், காசு போடுங்க" என்று செய்தி வரலாம். குரலைக் கேட்காமல் காசு அனுப்பாதீர்கள். வீட்டு ஆட்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியைப் போகுமுன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். லயத்தில் வளர்த்த நாயின் பெயராகவும் இருக்கலாம்!

வீட்டுச் சுவரில் ஒட்டிவைக்க, சுருக்கமாக:

1. கைக்காசு, பெரிய காசு, பத்திரம் மூன்றையும் மூன்று இடத்தில் வையுங்கள்.
2. பஸ் ஏறும்போதும் இறங்கும்போதும் பையை நெஞ்சுக்கு முன்னால் பிடியுங்கள்.
3. லைசன்ஸ் இல்லாத காரில் ஏறாதீர்கள். பேர்ஸை யாரிடமும் கொடுக்காதீர்கள்.
4. பத்திரங்களின் பிரதி வீட்டிலும் உறவினரிடமும் இருக்கட்டும்.
5. களவு போனால் பொலிஸ், வங்கி, தூதரகம், வேலை வீடு நான்குக்கும் அன்றே சொல்லுங்கள்.
6. திரும்பி வரும் வழியில் யார் தந்தாலும் எதையும் சாப்பிடாதீர்கள்.
7. வீட்டார் ஏசாமல் கேளுங்கள்.

வெளியே தேத்தண்ணி தயாராக இருக்கிறது. நீங்கள் பறித்த கொழுந்தாகவும் இருக்கலாம், குடித்துவிட்டுச் சொல்லுங்கள். போகவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் தேத்தண்ணிக்குப் பிறகு எங்களோடு இருங்கள். போட்டோக் கொப்பி எடுக்கவேண்டிய பத்திரங்கள் எவை என்று ஒவ்வொருவருடனும் இருந்து பார்த்துத் தருகிறோம்.